பெயர் போடாத மூன்று நோட்டுகள்

பள்ளிப் பிள்ளைகள் பாடம் எழுதும் சாதாரண நோட்டுகள் மூன்று. நடுநடுவே செருகி வைத்த துண்டுத் தாள்கள். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 20 தொடங்கி ஜூன் 22 வரை பெர்லினில் 34 வயதுப் பெண் ஒருவர் எழுதி நிரப்பியவை அவை. எழுதி முடிக்க ஒன்பது வாரம் ஆனது. அதில் இருந்ததைச் சொந்த நாட்டு மக்கள் முகம் சுளிக்காமல் படிக்க 58 ஆண்டுகள் ஆயின.

எழுதியவர் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். பாரிஸில் படித்தவர், சோவியத் ரஷ்யாவில் பயணம் செய்து, பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ரஷ்ய மொழியும் கற்றவர். குடியிருந்த வீடு குண்டுவீச்சில் போய்விட, ஊரில் இல்லாத பழைய சக ஊழியர் ஒருவரின் வீட்டில், கட்டிடத்தின் உச்சித் தளத்தில் ஒண்டியிருந்தார். நகரத்தைச் செஞ்சேனை வளைத்துக்கொண்டிருந்தது. பத்திரிகை நின்றுவிட்டது, வானொலி ஊமையாகிவிட்டது, குழாயில் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. செய்தி எழுதிப் பிழைத்த ஒரு பெண்ணுக்குச் செய்தி அனுப்ப இடமே இல்லாமல் போன நாட்களில் இந்த நோட்டு தொடங்குகிறது.

முதல் பக்கங்களில் அதிகம் இருப்பது பசி. அடுத்து, நிலவறை. குண்டுவீச்சுக்குப் பயந்து அந்தக் கட்டிடத்தின் குடித்தனங்கள் எல்லாம் அடித்தளத்தில் இரவைக் கழிக்கின்றன. ஒவ்வொரு நிலவறைக்கும் தனித்தனிப் பயமும் தனித்தனிச் சடங்கும் இருப்பதை அவர் கவனிக்கிறார். ஓரிடத்தில் தீயணைக்கத் தண்ணீர் சேர்ப்பதுதான் வெறி. இன்னோரிடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் பொத்திக்கொள்வது. யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் யாரிடம் பேசுவதில்லை, ரொட்டிக் கடைக்காரர் மனைவி என்ன சொன்னார், அடி பம்பில் எவ்வளவு நேரம் காத்திருந்தது, தெருவோரத்தில் செந்தட்டிக் கீரை பறித்து வந்தது. போர் வரலாற்றில் இடம்பெறாத இந்த விவரங்கள்தான் அந்த நோட்டுகளின் உயிர். தளபதிகள் பெர்லின் சண்டையைப் பற்றி எழுதிய நூல்களில் படைப்பிரிவுகளின் எண்கள் இருக்கின்றன. ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர்களின் கை வலி அவற்றில் கிடையாது.

ஏப்ரல் 27, வெள்ளிக்கிழமை. சோவியத் வீரர்கள் அந்தத் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். ரஷ்ய மொழி தெரிந்தவர் என்பதால் எல்லோரும் இவரைத்தான் முன்னே தள்ளுகிறார்கள். நிலவறையில் ரொட்டிக் கடைக்காரர் மனைவியை வீரர்கள் சூழ்ந்துகொண்டபோது, தெருவுக்கு ஓடி ஓர் அதிகாரியைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவர் இவர்தான். அந்தப் பெண் தப்பிவிட்டார். அதிகாரி போன பிறகு வெளி நடையில் காத்திருந்த இருவர் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். கூச்சலிட்டார். உள்ளே இருந்தவர்கள் நிலவறையின் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டார்கள்.

அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திய அந்தச் செய்கையைப் படையினரின் கொடுமைக்குக் கொஞ்சமும் குறையாத அழுத்தத்தோடு அவர் எழுதியிருக்கிறார். எதிரி எதிரியாகத்தான் நடந்துகொண்டான். தான் யாருக்காகப் பேசப் போனாரோ அவர்கள் செய்ததுதான் பக்கங்களில் ஆறாமல் கிடக்கிறது. கதவு திறந்ததும் அவர்கள் முகத்துக்கு நேரே கத்தித் தீர்த்ததையும் மறைக்கவில்லை.

தொடர்ந்த நாட்களில் அந்தக் கொடுமை திரும்பத் திரும்ப நடந்தது. பிறகு ஒரு முடிவுக்கு வருகிறார்: வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இரையாவதைவிட, மற்றவர்கள் அண்டப் பயப்படும்படியான பதவியில் உள்ள ஒருவரைத் தானே தேடிக்கொள்வது. அப்படி ஒரு அதிகாரி அமைகிறார். அவருக்குப் பின் முழங்கால் அடிபட்ட ஒரு மேஜர். ரொட்டி வருகிறது, மீன் வருகிறது, பன்றிக்கொழுப்பு, மெழுகுவர்த்தி, சர்க்கரை வருகின்றன. அதே கட்டிடத்தின் முதல் மாடியில் இருந்த ஒரு கைம்பெண்ணின் வீட்டில் இவர் குடியேறியிருந்தார். அந்த வீட்டு மேசைக்குச் சாப்பாடு வருவது இவரால்தான். தான் இப்போது செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று நோட்டில் தன்னையே கேட்கிறார். பதிலைப் பூசி மெழுகவில்லை. தன்னைத் தியாகி ஆக்கிக்கொள்ளவும் இல்லை, குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மேஜரின் நயமான நடத்தையைப் பற்றி எழுதும்போது அவரிடம் தனக்கிருந்த இலேசான பிரியத்தைக்கூட ஒளிக்கவில்லை. இவ்வளவு நேர்மை படிப்பவர்களுக்குத் தாங்கமுடியாததாக இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பக்கத்து வீடுகளின் கதைகளும் நோட்டில் சேர்கின்றன. 18 வயதுப் பெண்ணொருத்தியைப் பரணில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறது ஒரு குடும்பம். எல்லோருக்கும் ஆபத்து வராமல் இருக்க நீ அவர்களோடு போய்விடு என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிடுகிறார் ஓர் ஆண். தெருவில் சந்தித்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை தடவை என்று ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்டுக்கொள்கிறார்கள், சொல்லிக்கொள்கிறார்கள், சில சமயம் சிரிக்கவும் செய்கிறார்கள். எல்லோருக்கும் நடந்தது என்பதால் எல்லோரும் பேச முடிந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர் தனியே முடங்கிப்போவதுதான் எங்கும் வழக்கம். பெர்லினில் அந்தச் சில வாரங்கள் மட்டும் அந்த வழக்கம் உடைந்திருந்தது. பேச்சு மறுபடி எப்போது அடைபட்டது என்பதையும் இதே நோட்டுகள் காட்டுகின்றன: ஆண்கள் வீடு திரும்பத் தொடங்கியபோது.

ஜூன் மாதம் அவருடைய காதலர் போர்முனையிலிருந்து திரும்பி வருகிறார். நூலில் அவருக்கு கெர்ட் என்று பெயர். பெண்கள் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு அவர் அருவருப்படைகிறார். நீங்களெல்லாம் வெட்கம் கெட்டவர்களாகிவிட்டீர்கள் என்ற பொருளில் திட்டுகிறார். வாயால் சொல்ல முடியாததை எழுத்து சொல்லட்டும் என்று இவர் நோட்டுகளை அவர் கையில் கொடுக்கிறார். அந்த மூன்று நோட்டுகளின் முதல் வாசகர் அவர்தான். புரட்டிப் பார்த்தவருக்குக் கிறுக்கல் கையெழுத்தும் சுருக்கக் குறிகளும் பிடிபடவில்லை. ஒரு குறிப்பிட்ட சுருக்கம் அடிக்கடி வருகிறதே, அது என்ன என்று கேட்கிறார். வன்புணர்ச்சி என்ற சொல்லைத்தான் இவர் அப்படிச் சுருக்கி எழுதியிருந்தார். சொன்னார். அதன் பிறகு கெர்ட் அதிகம் பேசவில்லை. சில நாளில் ஒரு நண்பரோடு புறப்பட்டுப் போய்விட்டார்.

பிந்திய ஆண்டுகளில் அந்த எழுத்துக்கு நேர்ந்த எல்லாவற்றையும் கெர்ட் முன்கூட்டியே செய்து காட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1945 ஜூலையில் அந்தப் பெண் நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். போர்க்காலத்துச் சாம்பல் நிறத் தாள். வரி இடைவெளி விடாமல் அடித்து 121 பக்கம். சுருக்கக் குறிகள் வாக்கியங்களாயின. துண்டுக் குறிப்புகள் காட்சிகளாக விரிந்தன. இந்தத் தட்டச்சுப் பிரதியை அவருக்கு நண்பரான ஒருவர் படித்தார். குர்ட் மாரெக். சி. டபிள்யூ. செராம் என்ற புனைபெயரில் 1949இல் தொல்லியல் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதிய நூலால் உலகெங்கும் பெயர் பெற்றவர். அச்சிட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான். எழுதியவர் தன் பெயர் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நூலில் வருகிறவர்களின் பெயர்களும் மாற்றப்பட்டன.

1954இல் புத்தகம் வந்தது. பெர்லினைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது, நியூயார்க்கில் ஆங்கிலத்தில் முதலில் வெளியானது. ஜேம்ஸ் ஸ்டெர்ன் மொழிபெயர்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் பதிப்பு. பல ஐரோப்பிய மொழிகளிலும் ஜப்பானிய மொழியிலும் வந்தது. மூல மொழிக்கு முறை வர 1959 ஆனது. அதையும் வெளியிட முன்வந்தது ஜெனிவாவில் இருந்த கோசோடோ என்ற சிறு பதிப்பகம்.

ஜெர்மானிய வாசகர்கள் சீறினார்கள். ஜெர்மன் பெண்களின் மானத்தை இவர் கெடுத்துவிட்டார் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. நடந்ததைச் செய்தவர்கள் மேல் வராத கோபம், நடந்தது என்று எழுதியவர் மேல் வந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் காரணங்கள் தெரிகின்றன. சோவியத் சிறைமுகாம்களிலிருந்து கடைசிக் கைதிகள் வீடு திரும்பி அப்போது மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மேற்கு ஜெர்மனி வீடு கட்டிக்கொண்டும், குடும்பம் நடத்திக்கொண்டும், பழையதைப் பேசாமல் இருந்துகொண்டும் செழித்துக்கொண்டிருந்தது. வீட்டுப் பெண்களைக் காக்க முடியாமல் போன, சில இடங்களில் அவர்களைக் கையளித்தே விட்ட ஆண்களின் சித்திரம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியிலோ செஞ்சேனை விடுதலைப் படை. அதைப் பற்றி இப்படி ஒரு பக்கம்கூட அச்சேற வழியில்லை. பெர்லினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடு. அவர்கள் அனைவரும் இரண்டு ஜெர்மனிகளிலும் வாயடைத்துத்தான் வாழ்ந்தார்கள்.

எழுதியவர் அந்த அடியில் ஒதுங்கிவிட்டார். ஏற்கெனவே திருமணமாகி ஸ்விட்சர்லாந்தில் குடியேறியிருந்தார். பத்திரிகைத் தொழிலையும் விட்டுவிட்டிருந்தார். தான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் புத்தகம் மறுபதிப்பு காணக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய கோபத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். சோவியத் வீரர்கள் ஒருமுறை செய்ததை விமர்சகர்கள் இன்னொரு விதத்தில் செய்தார்கள்.

ஆனாலும் புத்தகம் சாகவில்லை. 1968 மாணவர் எழுச்சிக்குப் பிந்திய பெர்லினில் 1959 பதிப்பின் நகல்கள் கைமாறத் தொடங்கின. நகலின் நகல், அதன் நகல் என்று எழுத்து மங்கிப்போன தாள்களில் பெண்ணியக் குழுக்கள் அதைப் படித்தன. 1992இல் ஹெல்கே சாண்டர் என்ற இயக்குநர் வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்களைக் கேமரா முன் பேசவைத்து நீண்ட ஆவணப்படம் எடுத்தார். மதிப்பீடுகளைத் தொகுத்து நூலும் வந்தது. அதே ஆண்டில் போஸ்னியப் போர் வெடித்தது. போரில் பெண்ணுடல் திட்டமிட்டே தாக்கப்படுகிறது என்பதை ஐரோப்பா தன் வாசலிலேயே பார்த்தது. 1998இல் ருவாண்டா தீர்ப்பாயம் வன்புணர்ச்சியை இனப்படுகொலையின் ஒரு செயலாக ஏற்றுத் தண்டித்தது. 2001 பிப்ரவரியில் ஹேக் தீர்ப்பாயம், போஸ்னியாவின் ஃபோச்சா நகரத்துக் கொடுமைகள் பற்றிய வழக்கில், வன்புணர்ச்சி மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூனில் நமது நோட்டுகளை எழுதியவர் ஸ்விட்சர்லாந்தில் காலமானார்.

2003இல் கவிஞர் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கர் தன் நூல் வரிசையில் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1980களிலேயே அவர் முயன்றிருக்கிறார். மாரெக்கின் மனைவியிடம் உரிமை இருந்தது. எழுதியவர் மறைந்த பிறகுதான் வழி பிறந்தது. வாரக்கணக்கில் விற்பனைப் பட்டியலின் மேல் வரிசையில் இருந்தது புத்தகம். 1959இல் எந்த வாக்கியங்களுக்காக வெட்கம் கெட்டவர் என்று ஏசினார்களோ அதே வாக்கியங்களுக்காக இப்போது தலைவணங்கினார்கள். பாட்டிகள் எண்பதைத் தாண்டியிருந்தார்கள். பேத்திகள் படித்துவிட்டு அவர்களிடம் போய்க் கேட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் யென்ஸ் பிஸ்கி என்ற இலக்கியப் பத்திரிகையாளர், மியூனிக்கின் முன்னணி நாளிதழ் ஒன்றில், எழுதியவர் யார் என்று பெயரோடு வெளியிட்டார். ஹிட்லர் ஆட்சியில் அவர் சிறு அளவில் பிரச்சார எழுத்து எழுதியிருப்பதையும், மாரெக் எந்த அளவுக்குப் பிரதியில் கைவைத்தார் என்ற கேள்வியையும் எழுப்பினார்.

கேள்விகள் நியாயமானவை. நாஜி ஆட்சியில் ஊதியம் பெற்ற ஒருவர் தன் ஆவணத்தை எப்படித் தொகுத்தார் என்று அறிய வாசகருக்கு உரிமை உண்டு. நாட்குறிப்புகளைச் சேகரிப்பதில் ஆயுளைக் கழித்த எழுத்தாளர் வால்டர் கெம்போவ்ஸ்கி மூலத் தாள்களைப் பார்த்து உண்மையானவை என்று சான்றளித்தார். பின்னர் அந்தத் தாள்கள் மியூனிக்கிலுள்ள சமகால வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. யூலியா ஃபோன் சால் என்ற வரலாற்றாளர் அவற்றை வரிக்குவரி ஒப்பிட்டு 2019இல் கட்டுரை வெளியிட்டார். நோட்டுகள் 1945இல் எழுதப்பட்டவைதான். ஆனால் அச்சில் வந்தது அவற்றின் நேர்ப்பிரதி அல்ல. சுருக்கமான குறிப்புகள் தட்டச்சில் விரிந்தன. தட்டச்சுப் பிரதி அச்சுக்குப் போகும் முன் மறுபடி திருத்தப்பட்டது. படிக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு படிக்கவேண்டும். கிறுக்கல்களை எடுத்து வைத்து ஒரு எழுத்தாளர் தன் கதையைச் செப்பம் செய்ததால் அது பொய்யாகிவிடவில்லை என்பது என் கருத்து. நிலவறைக் கதவு சாத்தப்பட்டது. வன்புணர்ச்சி நடந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜெர்மானியர்கள் சோவியத் மண்ணில் செய்ததை அந்தப் பக்கங்கள் மறைக்கவில்லை. தன் கிராமத்துக் குழந்தைகளை ஜெர்மன் வீரர்கள் கொன்ற விதத்தை ஒரு ரஷ்ய வீரர் சொல்ல, அதையும் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தப் போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் சுமார் 2.7 கோடி. வதைமுகாம்களைப் பற்றி வானொலியில் கேள்விப்பட்டதும் சில வரிகளில் இருக்கிறது. யூதர்களுக்கு நேர்ந்ததன் அளவுக்கு முன் அந்தச் சில வரிகள் மிகக் குறைவு. அந்தக் குறையோடுதான் அது ஒரு காலத்தின் ஆவணம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்கி கேட்ட கேள்விகளைப் பெயரை அச்சிடாமலே கேட்டிருக்கலாம். மூலத் தாள்களைச் சோதிக்கப் பெயர் தேவை. வாசகருக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பெண் தன் உடலுக்கு நேர்ந்ததை ஒளிவுமறைவின்றி எழுதினார், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அவர் அனுமதி இல்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவை அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறைய. செத்து இரண்டு ஆண்டில் பெயரும் எடுக்கப்பட்டது. இந்தக் கட்டுரையில் அதை நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் ஒரு தகவலும் குறைந்துவிடவில்லை.

2005இல் பிலிப் போம் செய்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. வரலாற்றாளர் ஆண்டனி பீவர் முன்னுரை எழுதினார். 2008இல் மாக்ஸ் ஃபேர்பர்ப்யோக் இயக்கத்தில், நினா ஹோஸ் நடிப்பில் படமானது. நோட்டுகளில் ஏறிய அந்தச் சிரிப்பும் கசப்பும் படத்தில் பாதிதான் வந்திருக்கின்றன. புத்தகத்தைப் படிப்பதே சரி.

படிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதியவர் யார் என்று கைபேசியில் தேடினால் ஒரு நொடியில் பெயரும் படமும் வந்துவிடும். தேடாமல் படியுங்கள்.